மூன்றாம் படி

எதிலாவது ஸ்பிரிங் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அத்தானால் அதை அழுத்திப் பார்க்காமல் தாண்டிப் போக முடியாது. நிறுத்தி வைத்த கார், ஆளில்லாத ஸ்கூட்டர், முடி வெட்டும் கடை நாற்காலி, உறவினர் வீட்டுச் சோபா, எதுவானாலும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்து ஒரு அமுக்கு அமுக்கிச் சட்டென்று விடுவார். பிறகு அது எத்தனை முறை எழும்பி அடங்குகிறது என்று உதடு அசைய எண்ணுவார். "ஒண்ணு... ஒண்ணரை. பரவாயில்ல." ஐந்துவரை போய்விட்டால், வண்டிக்கு உடையவரைத் தேடிப் பிடித்து, "ஷாக்கு போச்சுங்க, பாத்துக்குங்க" என்று சொன்ன பிறகுதான் நகர்வார். மகனுடைய கல்யாணப் பேச்சுக்குப் போன இடத்திலும் சோபாவை அழுத்தினார். கல்யாணம் நடந்துவிட்டது. சம்பந்தி மட்டும் இன்றுவரை அவர் போனால் மர நாற்காலிதான் எடுத்துப் போடுகிறார்.

அவர் என் அக்காவின் கணவர். நகரத்தின் ஓரத்தில், சரக்கு லாரிகள் ஏறி நின்று எடை போட்டுக்கொண்டு போகும் எடை மேடையில் முப்பத்திரண்டு வருடமாக வேலை. லாரி மேடையில் ஏறுவதற்கு முன்பே, அதன் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் இரும்புப் பட்டைகள் எவ்வளவு வளைந்திருக்கின்றன என்று ஜன்னல் வழியாகப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார். மெஷினைப் பிறகுதான் பார்ப்பார். நூறு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மெஷினைத்தான் சந்தேகப்படுவார். தெருவில் அவருக்கு 'டன்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே "டன் சார்" என்று கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சும்போதும் எடையைச் சொல்லித்தான் கொஞ்சுவார். "என் தங்கம்... பதினொன்னே கால்!"

அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு முப்பத்தாறு வயது. அதைச் செய்த கம்பெனியை இழுத்து மூடியே இருபது வருடம் ஆகிறது. ஒரு பல் டாக்டரிடமிருந்து வாங்கினாராம். தொட்டி கருஞ்சிவப்பு, இரண்டு பக்கமும் புகைக்குழாய், கிளப்பினால் தெருமுனையில் இருப்பவர் நேரம் பார்த்துக்கொள்ளும் அளவுக்குச் சத்தம். அக்காவுக்கு ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் வேலை கிடைத்ததிலிருந்து, இருபத்தாறு வருடம், காலை எட்டேகாலுக்கு அந்த வண்டியின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போனாள். அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, இவர் எடை மேடைக்குப் போவார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் அக்கா பாதி வழியில் அவர் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அந்த வண்டியில் அவள் ஏறவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பின் அடியில் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்றார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெல்ட் வந்தது. உட்காரும்போது ஒரு முனகல், எழுந்திருக்கும்போது ஒரு முனகல். "வயசானா ஜவ்வு தேயத்தான் செய்யும். அதுக்கு வண்டி என்ன பண்ணும்?" என்றார் அத்தான் அப்போது. அதைப் பழிக்கு அஞ்சிச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்.

இந்த மாதத்தோடு அக்காவுக்கு ஓய்வு. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், மாடியில் குடியிருக்கும் நான் துணி காயப் போட இறங்கியபோது, முற்றத்தில் வண்டி நடு ஸ்டாண்டில் நின்றது. பின்சக்கரத்தின் அடியில் ஒரு மரக்கட்டை. பக்கத்தில் பழைய போர்வையை விரித்து, நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார்.

"என்ன அத்தான், வண்டிக்கு ஆபரேஷனா?"

"பின் ஷாக்கு ரெண்டையும் கழட்டுறேன் சின்னவளே. கோட்டுக்கு இந்தப் பக்கம் இடது, அந்தப் பக்கம் வலது. ஒரு நட்டுகூடக் கலக்கக் கூடாது. ஒவ்வொண்ணும் அது அது இடத்துக்குத் தேஞ்சிருக்கும்."

"திடீர்னு என்ன?"

குரலைத் தாழ்த்தினார். "அவளை முதல் நாள் வேலைக்கு நான்தானே கொண்டுபோய் விட்டேன்? கடைசி நாளும் நான்தான் விடணும். புதன்கிழமை, முப்பதாம் தேதி. ஷாக்கைப் புதுசாக்கிட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டா."

"அக்காகிட்ட கேட்டீங்களா?"

"செஞ்சு காட்டிட்டுக் கேப்போம்."

அவர் எதையும் அப்படித்தான். கேட்டுவிட்டுச் செய்கிற பழக்கம் அந்த வீட்டில் அவருக்குக் கிடையாது. செய்து முடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஷாக்கைப் பிரிப்பதற்கென்று அவரே ஒரு கருவி செய்து வைத்திருக்கிறார். இரண்டு தடித்த இரும்புத் தகடுகள், அவற்றை இணைக்கும் நீளமான இரண்டு மரைக்கம்பிகள். ஷாக்கை நடுவில் நிறுத்தி, இந்த நட்டுக்கு அரைச் சுற்று, அந்த நட்டுக்கு அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினால் ஸ்பிரிங் நசுங்கிக்கொண்டே வரும். அந்த நேரத்தில் அவருக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. "தள்ளி நில்லு. இது தப்பிச்சா சுவத்துல ஓட்டை போட்டுட்டுப் பக்கத்து வீட்டுல போய்க் காபி குடிக்கும்." ஸ்பிரிங் போதுமான அளவு நசுங்கியதும், உச்சியில் அதைப் பூட்டி வைத்திருக்கும் அரைவட்டத் துண்டுகள் இரண்டும் தளர்ந்து விழும். பிறகு வந்த வழியே அரைச் சுற்று, அரைச் சுற்று. சமையலறை ஜன்னலிலிருந்து அக்கா ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "குழந்தைக்குச் சோறு ஊட்டுறப்பகூட இவ்வளவு பொறுமையா இருந்ததில்ல இவரு" என்று எனக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இடது பக்க ஸ்பிரிங்கைத் தூக்கி எடுத்தபோது, தண்டிலிருந்து கறுப்பாகத் தூள் கொட்டியது. அத்தான் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். வலது பக்கத்தைப் பிரித்தார். அங்கும் தூள்.

"என்னது அது?"

"ரப்பர். தண்டுல ஒரு கட்டி ரப்பர் இருக்கும். பாரம் தாங்காம ஷாக்கு முழுசா உள்ள போயிட்டா, இரும்பும் இரும்பும் மோதாம இது வாங்கிக்கும்." தூளை உள்ளங்கையில் எடுத்து உருட்டினார். "அடி தட்டினாத்தான் இதுக்கு வேலை."

"அப்ப நிறைய தட்டியிருக்கு."

அவர் தண்டைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். கீழ்ப்பாதி கண்ணாடிபோலத் தேய்ந்து மின்னியது. அதற்கும் மேலே, தண்டின் உச்சியருகே, குறுக்குக் கீறல்கள். கட்டைவிரல் நகத்தால் கீறல்களை வருடினார். பிறகு கீழ்ப்பாதியை. மறுபடி கீறல்களை. எந்த லாரிக்கும் அவர் இத்தனை நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

"தனியா போறப்ப இவ்வளவு தூரம் இறங்காது" என்றார், எனக்கா தனக்கா என்று தெரியாமல்.

உள்ளே மிச்சமிருந்த பழைய எண்ணெயை இருமல் மருந்து மூடியால் அளந்து வெளியே ஊற்றினார். பத்து மூடி இருக்க வேண்டிய இடத்தில் இடது பக்கம் நாலு. வலது பக்கம் ஐந்தும் கொஞ்சமும். அழுகிய மீனின் நாற்றம். வழக்கமாக இந்த மாதிரி ஒன்று கிடைத்தால், தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு முகரச் சொல்வார். அன்று அதைப் பாட்டிலில் ஊற்றி மூடி, சுவரோரம் வைத்துவிட்டு, போர்வையின் நாலு மூலைகளையும் மடித்துப் போட்டார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

அடுத்த ஞாயிறு உப்புத்தாள் நாள். மூடிகளையும் ஸ்பிரிங்குகளையும் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தியோடு பக்கத்தில். ஸ்பிரிங்கின் அடியில் உட்காரும் ஒரு வளையத்தை அத்தான் கையில் எடுத்தார். அதன் விளிம்பு படிக்கட்டுபோல மூன்று படியாக வெட்டப்பட்டிருந்தது.

"இது என்னங்க, கிரீடம் மாதிரி?" என்றாள் அக்கா.

அவள் தானாக வண்டியைப் பற்றிக் கேட்டதே அவருக்குச் சந்தோஷம். "இது ஸ்பிரிங்கை இறுக்குற வளையம். முதல் படியில வச்சா ஸ்பிரிங் இளகி இருக்கும். ஒரு ஆளு போக சுகமா இருக்கும். பாரம் ஏத்தினா மூணாம் படிக்குத் திருப்பணும்."

"எப்படித் திருப்புவீங்க?"

"கொக்கி ஸ்பானர் இருக்கு, சீட்டுக்கு அடியில. போட்டு ஒரு இழு. ரெண்டு நிமிஷ வேலை."

அக்கா ஒரு பீன்ஸின் நாரை உரித்தாள். "டிவி வாங்கின அன்னிக்கு, கடை வாசல்ல உக்காந்து என்னமோ கொக்கி போட்டு இழுத்தீங்களே. அதுதானா?"

"அதேதான்! ஞாபகம் வச்சிருக்கியே."

"டிவிய வச்சுக் கட்டிட்டு, என்னை பஸ்ல வரச் சொன்னீங்க. ஞாபகம் இருக்காதா? சிலிண்டர் எடுத்துட்டு வர்றப்பவும் திருப்புவீங்க."

"திருப்பித்தானே ஆகணும். இல்லேன்னா அடி தட்டும். டிவி என்னத்துக்கு ஆகும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். உப்புத்தாள் நின்றது.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. கத்தியால் பீன்ஸைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். "நான் ஏறுறப்ப எந்தப் படி?"

அத்தான் வளையத்தைக் கையில் சுற்றினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"அது... உன்னை எறக்கிவிட்டுட்டு நான் தனியா போகணுமில்ல. மூணாம் படியில தனியா போனா தூக்கித் தூக்கிப் போடும். தினம் திருப்பி, மறுபடி திருப்பி... நேரமாயிடும்னு..."

"ரெண்டு நிமிஷம்னீங்க."

"ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம்."

"இடுப்பு வலிக்குதுன்னு சொன்னேன். அதுக்கு மேல வளையத்தைத் திருப்புங்கன்னு சொல்ல நான் என்ன மெக்கானிக்கா? ஊர்ல போற லாரி எல்லாம் பின்னால என்ன பாரம் வச்சிருக்குன்னு பாத்த உடனே சொல்றவரு நீங்க." குரல் உயரவே இல்லை. ஒரு கணம் கழித்து, "சரி விடுங்க" என்றாள். தட்டை இடுக்கிக்கொண்டு, ஒரு முனகலோடு எழுந்து உள்ளே போனாள். ஆறு பீன்ஸ் நறுக்காமல் என் மடியில் கிடந்தன.

அந்த வாரம் எடை மேடையில் ஒரு லாரியை அவர் அறுநூறு கிலோ தவறாகச் சொன்னார் என்று கேள்வி. மெஷினைச் சந்தேகப்படவில்லையாம்.

ஆனால் வேலையை விடவில்லை; இன்னும் அதிகமாக அதில் இறங்கினார். எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் சீல் எங்கும் கிடைக்கவில்லை. தண்ணீர் மோட்டார் கடையில் அளவுகோலை வைத்து நாற்பது சீல் பார்த்து, நாற்பத்தொன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். ரப்பர் கட்டிக்கு லேத்துக்காரரிடம் போனார். "இன்னும் குட்டையாக் கடைஞ்சா போதுமே டன் சார். நீங்க கேக்குற உசரத்துக்கு நீங்க யானையைத்தான் ஏத்தணும்" என்று லேத்துக்காரர் சிரித்தாராம். இவர் சிரிக்காததைப் பார்த்து, கேட்ட உயரத்துக்கே கடைந்து கொடுத்தார். தண்டின் கீறல்களைத் தேய்த்து எடுக்க இரண்டு மாலை உட்கார்ந்தார். பாதிக்கு மேல் போகவில்லை. "ஆழமா விழுந்திருக்கு" என்று அப்படியே மாட்டினார்.

மூன்றாவது ஞாயிறு பூட்டும் வேலை முடிந்தது. எண்ணெய் பத்து மூடி, சொட்டுகூடக் குறையாமல். ஷாக்கை நிமிர்த்திப் பிடித்துத் தண்டை மேலும் கீழும் இழுத்து, உள்ளே மாட்டிய காற்று குமிழியிட்டு வெளியேறும்வரை காத்திருந்தார். வண்டியில் மாட்டிய பிறகு, கொக்கி ஸ்பானரைப் போட்டு இரண்டு வளையங்களையும் மூன்றாம் படிக்கு இழுத்தார். ஓட்டிப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா அறுபத்தெட்டு. நீ அறுபத்தொண்ணு. ஏழு கிலோ குறையுது. இந்த வெங்காயப் பையை மடியில வச்சுக்கோ."

ஜன்னலிலிருந்து அக்கா: "இன்னும் கொஞ்சம் சத்தமா. தெருக்கோடியில ரெண்டு பேருக்குக் கேக்கலையாம்."

வெங்காயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். தெருவைத் தாண்டி, குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய சாலைக்கு வேண்டுமென்றே விட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பள்ளத்தில் இறங்கியது தெரிந்தது, ஏறியது தெரிந்தது, அவ்வளவுதான். யாரோ கீழேயிருந்து பிடித்து மெல்ல இறக்கி வைத்தது போல. மறுபடி திருப்பி அதே பள்ளத்தில் விட்டார். மூன்றாவது முறையும். வண்டியை ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்தார்.

"எப்படி?"

"மெத்தை மாதிரி இருக்கு அத்தான்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பிடியில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "திருப்பியிருந்தா முன்னாடியும் இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார். பிறகு, "வெங்காயம் நசுங்கிடாம பாத்துக்கோ" என்று வண்டியைக் கிளப்பினார்.

முப்பதாம் தேதி, புதன்கிழமை காலை ஏழரைக்கே வண்டி வாசலில் நின்றது. தொட்டியில் முகம் பார்க்கலாம். கண்ணாடியில் ஒரு ஹெல்மெட் தொங்கியது. இன்னொன்று, புதிது, அவர் கையில். அலுவலகத்தில் பிரிவுபசாரம் என்பதால் நானும் போவதாக இருந்தது. அக்கா பையோடு வெளியே வந்தாள். வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லா வந்திருக்குங்க" என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள்.

"மூணாம் படியில வச்சிருக்கேன்."

"தெரியும்."

"இவளை உக்கார வச்சு ஓட்டிப் பாத்துட்டேன். வெங்காயத்தோட. கேட்டுப் பாரு."

"சொன்னா." அக்கா பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள். "பஸ்ல எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க. மூணு வருஷமா கூட வர்றவங்க. இன்னிக்குக் கடைசின்னு கண்டக்டர் பொண்ணுகூட லீவு போடாம வர்றேன்னு சொல்லியிருக்கா. நான் வரலேன்னா நல்லாருக்காது."

"ஒரு நாள்தானே..."

"ஒரு நாள்தான். அதனாலதான் சொல்றேன்." அதில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று சொல்லும் குரல். "இடுப்புக்கும் பயமா இருக்குங்க. நீங்க நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா ஏறுறதுக்குக் காலைத் தூக்கவே எனக்கு இப்ப யோசனையா இருக்கு. வாடி, நேரமாச்சு."

நாங்கள் தெருமுனைக்குப் போவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தான் வந்துகொண்டிருந்தார். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். புது ஹெல்மெட் மட்டும் கையில் இருந்தது. அது இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

பேருந்தில் அக்காவை ஏழெட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவளுக்கென்று ஒரு இருக்கையைத் துணிப்பை போட்டுப் பிடித்து வைத்திருந்தார்கள். நான் ஜன்னலோரம், அக்கா நடைபாதையோரம். அத்தான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்த பஸ்ஸு பின்பட்டை போயிடுச்சு" என்று முணுமுணுத்தார். யாரும் கேட்கவில்லை.

"இவர்தான் சாரா?" என்றாள் ஒரு பெண். "இவங்களை ஒரு நாளாவது வண்டியில கொண்டுவந்து விட மாட்டாரான்னு நாங்க பேசிக்குவோம் சார், தப்பா எடுத்துக்காதீங்க."

"விட்டாரு" என்றாள் அக்கா. "இருபத்தாறு வருஷம் விட்டாரு."

பெண்கள் சிரித்தார்கள். அத்தானும் சிரிக்க முயன்றார். யாரோ அக்காவிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்கள்; அவள் அதைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பேருந்து பாலத்திலிருந்து இறங்கி வேகம் பிடித்தது. பேச்சுச் சத்தத்துக்கு மேலாக அத்தான் முன்கண்ணாடியைப் பார்த்தார். சாலைக்குக் குறுக்கே, வெள்ளைக் கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை. ஓட்டுநர் பிரேக்கைத் தொடவில்லை.

அத்தான் ஹெல்மெட்டை என் மடியில் போட்டுவிட்டுக் குனிந்தார். அக்காவின் இடுப்புக்கும் இருக்கையின் முதுகுக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்தார். அந்தக் கை போய்ச் சேர்வதற்குள் பேருந்து தடையில் ஏறி, தூக்கிப் போட்டு, இறங்கிவிட்டிருந்தது. அதன் பிறகு ஆஸ்பத்திரி நிறுத்தம்வரை சாலை வழவழவென்று இருந்தது. அவர் குனிந்தபடியே நின்றார், கையை எடுக்கவில்லை.